கடிகாரத்துக்குத் திரை போட்டவர்கள்

நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1989ஆம் ஆண்டு ஒரு கடிகாரம் மாட்டினார்கள். மணி பார்ப்பதற்கு அல்ல. அமெரிக்க அரசின் மொத்தக் கடன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி காட்டும் பெரிய மின்பலகை அது. அதன் கீழே, இந்தக் கடனில் உங்கள் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று இன்னொரு எண் ஓடும். சீமோர் டர்ஸ்ட் என்ற கட்டட அதிபர் தன் காசில் வைத்தது. அன்றைய கணக்கு 2.7 லட்சம் கோடி டாலர்.

அந்தப் பலகைக்கு இரண்டு முறை சங்கடம் வந்தது. முதல் முறை 2000 செப்டம்பரில். அரசின் வரவு செலவை மிஞ்சியதால் எண் மேலே ஏறுவதற்குப் பதில் கீழே இறங்கத் தொடங்கியது. பின்பக்கமாக ஓடுவதற்கென்று செய்த இயந்திரம் அல்ல அது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கொடியின் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் ஒரு திரையைப் போட்டு மூடிவிட்டார்கள். இரண்டே வருடத்தில் திரையை எடுக்க வேண்டி வந்தது. அடுத்த சங்கடம் 2008 அக்டோபரில். கடன் 10 லட்சம் கோடி டாலரைத் தாண்டியதும் பலகையில் கட்டம் போதவில்லை. டாலர் குறி இருந்த கட்டத்தில் 1 என்ற எண்ணைப் போட்டுச் சமாளித்தார்கள்.

அரசு கண்டபடி செலவு செய்கிறது என்ற எரிச்சல் அமெரிக்காவில் பழையது, உண்மையானதும்கூட. பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவைகள் கொண்ட அவர்களுடைய நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அதன் செயல்பாடு திருப்தி தருகிறதா என்று கேலப் நிறுவனம் 2013 நவம்பரில் கேட்டபோது, ஆம் என்றவர்கள் 9 சதவீதம். அரசை நம்பலாம் என்று 1958இல் நான்கில் மூன்று பேர் சொன்னார்கள். இப்போது ஐந்தில் ஒருவர் சொன்னால் பெரிய விஷயம். ஆனால் தேர்தல் வந்தால், பிரதிநிதிகள் சபையில் மறுபடி நிற்கிற உறுப்பினர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜெயித்துத் திரும்புகிறார்கள். அப்படியானால் இவ்வளவு கோபமும் எங்கே போய்ச் சேருகிறது?

எனக்குத் தோன்றுவது இது. கடன் வாங்கியவரை அமெரிக்க வாக்காளர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். கடனைக் குறைக்கப் பணம் கேட்டு வந்தவரைத்தான் பிடித்துக்கொள்கிறார். அந்தத் திரைக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் இது விளங்கும்.

1988இல் குடியரசுக் கட்சியின் மாநாட்டு மேடையில் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), 'என் உதடுகளைப் பாருங்கள், புதிய வரி கிடையாது' என்றார். அந்த வாக்கியத்துக்காகவே பாதி ஓட்டு விழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவர் பதவிக்கு வந்தபோது பற்றாக்குறை பயமுறுத்தியது. 1990இல் ஜனநாயகக் கட்சியினரோடு பல வாரம் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: செலவுக்குக் கடிவாளம் போடலாம், கொஞ்சம் வரியும் ஏற்றலாம். சொந்தக் கட்சியிலேயே நியூட் கிங்ரிச் போன்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1992இல், பதவியில் இருக்கும் அதிபரை எதிர்த்துக் கட்சிக்குள்ளேயே பேட் புகேனன் நின்றார். நியூ ஹாம்ப்ஷயரில் கட்சிக்காரர்களின் ஓட்டில் 37 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போனார். அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டனிடம் புஷ் தோற்றார். ஜனநாயகக் கட்சி இந்தப் பாடத்தை முன்பே படித்திருந்தது. 1984இல் வால்டர் மாண்டேல் மாநாட்டு மேடையிலேயே வரியை ஏற்றுவேன் என்று நேர்மையாகச் சொன்னார்; 50 மாநிலங்களில் 49இல் தோற்றார்.

அப்புறம் மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி. பிலடெல்பியாவின் புறநகர்த் தொகுதியிலிருந்து முதல்முறையாக ஜெயித்து வந்த ஜனநாயகக் கட்சிக்காரர். பரம்பரையாகக் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப்போடும் வசதியான ஊர் அது. 1993 ஆகஸ்டில் கிளின்டனின் பட்ஜெட் சபைக்கு வந்தது. மேல்தட்டுக்கு வருமான வரி கூடும், பெட்ரோல் வரியும் கொஞ்சம் ஏறும். எதிர்த்து ஓட்டுப்போடுவேன் என்று தொகுதி மக்களிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் போயிருந்தார். ஓட்டு எண்ணிக்கை இழுபறியாக நின்றபோது கிளின்டனிடமிருந்து தொலைபேசி வந்தது. கடைசி நிமிடத்தில் நடந்து போய் ஆதரவு ஓட்டைப் போட்டார். எதிர்வரிசையில் இருந்தவர்கள் கையை ஆட்டி, 'பை பை மார்ஜரி' என்று கோரஸாகப் பாடினார்கள். முடிவு 218க்கு 216. குடியரசுக் கட்சியிலிருந்து ஓர் ஓட்டுகூட விழவில்லை. செனட் சபையில் சமநிலை வந்து, துணை அதிபர் அல் கோர் தன் ஓட்டைப் போட்டுத்தான் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு தேர்தலில் மார்ஜரி தோற்றார். அவர் மட்டுமல்ல, கட்சியே 54 இடங்களை இழந்து, 40 ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த பிரதிநிதிகள் சபையைப் பறிகொடுத்தது. (பின்னாளில் அவர் மகன் கிளின்டனின் மகளைக் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமும் சம்பந்தி ஆனது தனிக்கதை.)

1998இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் அரசுக்கு உபரி வந்தது. 2000இல் மட்டும் சுமார் 23,600 கோடி டாலர். இணைய நிறுவனங்களின் பங்கு விலை ஏற்றத்தால் கொட்டிய வரி, பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு சுருங்கியது, கிளின்டனும் எதிர்க்கட்சி சபையும் ஒருவரையொருவர் செலவு செய்ய விடாமல் இழுத்துப் பிடித்தது என்று காரணம் பல. ஆனால் அடித்தளம் 1990, 1993 ஆகிய இரண்டு சட்டங்கள். இரண்டையும் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு மேலே சொன்னது. அரசியல்வாதிகள் முட்டாள்கள் இல்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நடுவே ராஸ் பெரோவையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் வாக்காளர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். 1992இல் எந்தக் கட்சியும் இல்லாமல் நின்ற டெக்சாஸ் கோடீஸ்வரர் அவர். தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கி, மேசை முன்னால் உட்கார்ந்து, அட்டை அட்டையாக வரைபடங்களை எடுத்து வைத்து, கையில் ஒரு குச்சியோடு பற்றாக்குறையைப் பற்றி வகுப்பெடுத்தார். முதல் வகுப்பை சுமார் 1.6 கோடி பேர் பார்த்தார்கள். பெட்ரோலுக்கு காலனுக்கு 50 சென்ட் வரியை ஐந்து வருடத்தில் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்ற கசப்பு மருந்தும் அவர் திட்டத்தில் இருந்தது. அப்படியும் 1.97 கோடி பேர், கிட்டத்தட்ட 19 சதவீதம், ஓட்டுப்போட்டார்கள். ஆனால் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முதலில் வருபவருக்கே எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். இரண்டு கட்சியும் பிடிக்காத ஆள் ஓட்டுப்போட இடமே இல்லை என்பதில்லை; போட்டால் எங்கும் போய்ச் சேராது.

சரி, செலவு செலவு என்கிறார்களே, பணம் எங்கேதான் போகிறது? 2024 நிதியாண்டில் மத்திய அரசு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர் செலவழித்தது. வந்த வரவு 4.9 லட்சம் கோடி. செலவான ஒவ்வொரு 100 டாலரிலும் ஏறக்குறைய 22 டாலர் முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு. 13 டாலர் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேருக்கு. ஏழைகளின் மருத்துவத்துக்கான மெடிகெய்டுக்கு 9. ராணுவத்துக்கு 13. பழைய கடனுக்கு வட்டி இன்னொரு 13. அந்த ஆண்டு வட்டி ராணுவத்தையே முந்திவிட்டது. முன்னாள் ராணுவத்தினருக்கு 5 டாலர் போல. பள்ளி, சாலை, ஆராய்ச்சி, விமானப் போக்குவரத்து, பூங்கா, நீதிமன்றம், உணவு உதவி என்று நம் கண்ணில் படும் 'அரசு' முழுவதும் மீதி கால்வாசிக்குள் அடக்கம். வெளிநாட்டு உதவி 1 டாலர் சுற்றி. அந்த உதவி எவ்வளவு இருக்கும் என்று மக்களிடம் கேட்டால் சராசரியாக வரும் பதில் பட்ஜெட்டில் கால்வாசி!

ஆக, வெட்ட வேண்டும் என்று எல்லாரும் சொல்லும் செலவு சின்னது. பெரிய செலவு எல்லாம் வெட்டக் கூடாது என்று எல்லாரும் சொல்வது. இதை மக்களின் இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் என்று தனித்தனி வரியாக ஒவ்வொரு முறையும் பிடித்தம் இருக்கும். முப்பது நாற்பது வருடம் இப்படிக் கட்டியவர், 67 வயதில் வரும் பணத்தை அரசின் செலவு என்று எப்படி நினைப்பார்? அது அவர் போட்ட பணம், திரும்பி வருகிறது, அவ்வளவுதான். உண்மையில் அன்றன்று வேலை செய்பவர்களின் பணம்தான் அன்றன்று முதியவர்களுக்குப் போகிறது. முதல் மாத ஓய்வூதியக் காசோலையை 1940 ஜனவரியில் வாங்கியவர் வெர்மான்ட் மாநிலத்தின் ஐடா மே ஃபுல்லர். தொகை 22.54 டாலர். அவர் அதுவரை கட்டியிருந்த மொத்த வரி 24.75 டாலர். 100 வயது வரை இருந்து 1975இல் இறந்தபோது, வாங்கியிருந்தது 22,888.92 டாலர். பாட்டி கெட்டிக்காரி என்பதைத் தவிர அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

இந்தக் குழப்பம் மொத்தமும் ஒரே வாக்கியத்தில் வெளியே வந்த இடம் தென் கரோலினாவின் சிம்ப்சன்வில். 2009 கோடை. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பேச்சில் இருந்த நேரம். அந்தப் பகுதியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் இங்லிஸ் ஊர்க்கூட்டம் நடத்தினார். ஒருவர் எழுந்து, என் மெடிகேர் மேல் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்றார். ஐயா, மெடிகேரை நடத்துவதே அரசாங்கம்தான் என்று இங்லிஸ் பணிவாக விளக்கிப் பார்த்தார். அந்த மனிதர் ஒப்புக்கொள்ளவே இல்லை. நாடு முழுக்க டீ பார்ட்டி என்ற பெயரில் கூட்டம் திரண்ட காலம் அது. கடனில் மூழ்கிய வங்கிகளை மீட்க முந்தைய ஆண்டு 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தின் மேல் அவர்களுக்கு அப்படி ஒரு ஆத்திரம், அதில் நியாயமும் உண்டு. வீட்டை இழந்தவனுக்கு நோட்டீஸ், வங்கிக்குப் பணம் என்றால் யாருக்குத்தான் எரியாது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் மகன் புஷ். ஆனால் கோபம் திரும்பியது ஒபாமாவின் பக்கம். 2010இல் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது. இங்லிஸ் அதற்கும் முன்பே போய்விட்டார். வங்கி மீட்புக்கு ஓட்டுப்போட்டவர், கார்பன் வரி பேசியவர் என்று சொந்தக் கட்சிக்காரர்களே பிரைமரியில், அதாவது கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில், 70 சதவீதத்துக்கு மேல் எதிராளிக்குக் குத்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கட்சி விசுவாசம் வேலை செய்யும் விதம் இங்கேதான் புரிகிறது. அமெரிக்கர்களில் 40 சதவீதத்துக்கு மேல் தங்களைச் சுயேச்சை என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் சாய்ந்தே இருப்பார்கள்; ஓட்டுப் பெட்டியில் அந்தச் சாய்வு மாறுவது அபூர்வம். 1972இல் அதிபருக்கு ஒரு கட்சி, பிரதிநிதிக்கு இன்னொரு கட்சி என்று தேர்ந்தெடுத்த தொகுதிகள் 190க்கும் மேல். 2024இல் அது 435இல் 16. தன் கட்சி மேல் பாசம் பெருகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எதிர்க்கட்சி மேல் வெறுப்பு பெருகியிருக்கிறது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கல்யாணம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960இல் கேட்டபோது, ஆம் என்றவர்கள் இரண்டு கட்சியிலும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2010இல் குடியரசுக் கட்சியினரில் கிட்டத்தட்ட பாதி, ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கு. ஜாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் ஊர்களில் வளர்ந்த நமக்கு இது என்ன மாதிரி உணர்வு என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த உணர்வில் இருக்கும் ஒருவருக்கு, தன் கட்சி வாங்கும் கடன் ஒரு குறை மட்டுமே. எதிர்க்கட்சி வருவதோ ஆபத்து. குறைக்காக ஆபத்தை அழைப்பாரா? பெரும்பாலான தொகுதிகள் ஒரு கட்சியின் கோட்டையாக இருப்பதால் உறுப்பினருக்கும் நவம்பர் தேர்தல் பயம் இல்லை. பயமெல்லாம் பிரைமரி. அதில் ஓட்டுப்போட வருவது வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுதான், அதுவும் கட்சியின் சூடான ஆட்கள். 2014இல் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக, அதாவது சபாநாயகருக்கு அடுத்த இடத்தில் இருந்த எரிக் கேன்டரையே வர்ஜீனியாவில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் இப்படித் தோற்கடித்தார். பதிவான ஓட்டு மொத்தம் சுமார் 65,000. இந்தச் சூழலில் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து, நீ கொஞ்சம் செலவை விடு, நான் கொஞ்சம் வரியை விடுகிறேன் என்று பேசுவது அரசியல் தற்கொலை. வரி ஏற்ற மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் உறுதிமொழியை வரி எதிர்ப்பாளர் க்ரோவர் நார்குவிஸ்ட் 1986இலேயே கொண்டுவந்துவிட்டார். குடியரசுக் கட்சியில் பல ஆண்டுகள் அதில் கையெழுத்திடாதவரைத் தேடிப்பிடிக்க வேண்டும். முதியோர் திட்டங்களில் கை வைக்க மாட்டோம் என்பது ஜனநாயகக் கட்சியின் எழுதாத உறுதிமொழி, இப்போது டிரம்பின் உறுதிமொழியும்கூட. இரண்டையும் ஒரே சமயத்தில் காப்பாற்ற ஒரே வழி கடன்.

அதனால்தான் கணக்கு இப்படி ஓடுகிறது. மகன் புஷ் வந்தபோது கடன் 5.7 லட்சம் கோடி, போனபோது 10.6. வரிக்குறைப்பு, இரண்டு போர், போதாததற்கு மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டம். 15 நிமிடத்தில் முடிய வேண்டிய ஓட்டெடுப்பை நவம்பர் மாத நள்ளிரவுக்குப் பின் மூன்று மணிக்குத் தொடங்கி, விடியும்வரை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்து, சிக்கனம் பேசும் சொந்தக் கட்சி உறுப்பினர்களின் மனதை மாற்றித்தான் அதை நிறைவேற்றினார்கள். ஒபாமா விட்டுப்போனபோது 19.9 லட்சம் கோடி. டிரம்பின் முதல் ஆட்சி முடிவில் 27.7. பைடன் முடித்தபோது 36.2. வாங்கிய காரணங்கள் ஒன்றல்ல. 2008 சரிவிலும் கொரோனாவிலும் எந்த அரசாக இருந்தாலும் வாங்கித்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது, யார் எப்போது கூச்சல் போட்டார்கள் என்பது. 2009 ஊக்கச் செலவுக்குப் பிரதிநிதிகள் சபையில் ஒரு குடியரசுக் கட்சி ஓட்டும் இல்லை. 2017 வரிக்குறைப்புக்கு ஒரு ஜனநாயகக் கட்சி ஓட்டும் இல்லை. 2021இல் மறுபடி முதலாமவர்களின் முறை, 2025இல் இரண்டாமவர்களின் முறை. எதிர்வரிசையில் உட்கார்ந்தால் மட்டும் வரும் காய்ச்சல் இது.

எல்லாரும் ஒத்துப்போன ஒரு தருணமும் உண்டு. 2020 மார்ச்சில் 2.2 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணம் செனட்டில் 96க்கு 0 என்று நிறைவேறியது. தலைக்கு 1,200 டாலர் காசோலை வந்தது, அதில் டிரம்பின் பெயரும் அச்சாகி வந்தது. 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் இரண்டு செனட் இடங்களுக்கு நடந்த தேர்தலில் ஜனநாயகக் கட்சி 2,000 டாலர் காசோலை என்று பிரசாரம் செய்து இரண்டு இடத்தையும் பிடித்தது. யாரும் அப்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. 2022 ஜூனில் விலைவாசி ஏற்றம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. முட்டை விலையும் வாடகையும் ஏறிய பிறகு வந்த கோபம் வேறு ரகம். அது கட்சி விசுவாசத்தையும் ஓரளவு அசைத்தது, 2024இல் ஆட்சியையே மாற்றியது. 36 லட்சம் கோடி என்பது யாருக்கும் உறைக்காத எண். ஒரு டஜன் முட்டையின் விலை உறைக்கும்.

டிரம்பின் அந்த வெற்றியோடு வந்தவர் எலான் மஸ்க். 2 லட்சம் கோடி டாலரை வெட்டுவேன் என்று தேர்தல் மேடையில் சொன்னார். பிறகு 1 லட்சம் கோடி. பிறகு 15,000 கோடி. அவருடைய குழு தன் இணையதளத்தில் மிச்சப்படுத்தியதாகப் போட்ட பட்டியலில், 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடி டாலர் என்று ஏறியிருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடி 7 லட்சம் கோடியைத் தொட்டது. வேறு எப்படி ஆகும்? பெரிய செலவுகள் எவை என்று மேலே பார்த்தோமே, அவற்றை அந்தக் குழு தொடவே இல்லை.

2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரிச் சட்டம் வந்தது. பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்பது காங்கிரஸின் சொந்த பட்ஜெட் அலுவலகம் போட்ட கணக்கு. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கென்டக்கியின் தாமஸ் மாஸி. கோட்டில் கட்சிச் சின்னத்தை யாரும் குத்திக்கொள்வார்கள். இவர் குத்தியிருப்பது ஒரு குட்டி மின்பலகை. கடன் எண் அதில் ஓடிக்கொண்டே இருக்கும், டர்ஸ்டின் கடிகாரத்தைச் சட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போல. கட்சியின் பேச்சை நம்பி அதன்படி நடந்த அவரை பிரைமரியில் வீழ்த்த வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாக அறிவித்தார்.

அந்த அக்டோபர் 1ஆம் தேதி, பட்ஜெட்டில் ஒத்துவராததால் அரசு முடங்கியது. 43 நாள், அதுவரையிலான வரலாற்றிலேயே நீளமான முடக்கம். விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள், 4 கோடிக்கும் மேலானவர்களின் உணவு உதவி நவம்பரில் தடுமாறியது, காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் மட்டும் தடையில்லாமல் சட்டப்படி ஓடியது. வீட்டில் உட்கார்ந்திருந்த ஊழியர்களுக்கும் பின்னால் முழுச் சம்பளம் உண்டு என்று 2019இலேயே சட்டம் இருப்பதால் மிச்சம் என்றும் ஒன்றுமில்லை. அரசு மூடிக் கிடந்த அந்த அக்டோபரிலேயே, கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.